அடகுக்கடையில் ஒரு மணித்தியாலக் களவு: கல்லடி எஸ்கேப் ரூம் எப்படி?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறோம். மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள பழைய ஓட்டு வீட்டில் நடக்கிறது இந்த அடகுக்கடைக் களவு ஆட்டம். இதில் பித்தளையும் இரும்பும் கடதாசியும் வேலை செய்கிற பாதி அருமை. கரண்டில் ஓடுகிற பாதி உப்புக்காற்றிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது. மூன்று நான்கு பேராகக் காலையில் போனால் கொடுத்த காசுக்கு வஞ்சகமில்லை. ஆறு பேராக மத்தியானம் போனால் இரண்டு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, மற்ற நான்கு பேரும் வேர்வையில் குளிப்பீர்கள். குறைகளையும் விட்டுவைக்காமல் எழுதுவதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. விடைகளும் இதில் இல்லை. சொல்லப்போவது எது எப்படி இயங்குகிறது, எந்த இடத்தில் நேரம் போகிறது என்பதை மட்டும்தான்.

எஸ்கேப் ரூம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: ஒரு குழுவை ஓர் அறைக்குள் விடுவார்கள். 60 நிமிடம். உள்ளே கிடக்கும் பொருட்களில் ஒளிந்திருக்கும் துப்புகளைக் கண்டுபிடித்து, பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சொன்ன வேலையை முடிக்கவேண்டும். 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் தக்காவோ கட்டோ இதை நிஜ அறையில் நடத்திக் காட்டினார். அதற்கு முன்னர் கணினித் திரையில் சொடுக்கிச் சொடுக்கி ஆடிய விளையாட்டுத்தான் இதன் மூத்த வடிவம். பேய் வீடு, சிறைச்சாலை, ஆய்வுகூடம் என்று பல கதைகள் வந்தாலும், களவுக் கதைக்குத் தனி மவுசு இருப்பதற்குக் காரணம் உண்டு. மற்றவற்றில் நீங்கள் வெளியே வரவேண்டும். இதில் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வரவேண்டும். அதனால் ஒருவர் பார்க்க, ஒருவர் கைவைக்க, ஒருவர் கணக்கு வைக்க என்று வேலை தானாகவே பிரிகிறது. நல்ல களவு அறைக்கும் சாதாரண அறைக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பிரிவு எவ்வளவு சரியாக அமைந்திருக்கிறது என்பதில்தான்.

கதை எளிமையானது. அடகுக்கடைக்காரர் ஒருவர் வட்டியும் முதலும் வாங்கிக்கொண்டு அட்டியலைத் திருப்பிக் கொடுக்க மறுக்கிறார். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போகும் ஒரு மணித்தியாலத்துக்குள் நீங்கள் அந்த அட்டியலை எடுக்கவேண்டும். அறுபது நிமிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாக்குக் கிடைக்காது. மனச்சாட்சி உறுத்தாமல் களவெடுக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

மூன்று பகுதிகள். முன்னால் கடை, நடுவில் ஓர் ஒடுக்கமான நடை, கடைசியில் இரும்புப்பெட்டி இருக்கும் பின்னறை. முன்கடையில் 20 முதல் 25 நிமிடம் செலவாவது வழமை. அதற்கு மேல் போனால் ஹின்ட் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

முன்கடைதான் இந்த ஆட்டத்தின் உயிர். சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. கம்பி வலை போட்ட கவுண்டர், நான்கு லாச்சி உள்ள மேசை, நாளுக்கொரு தாள் கிழிக்கும் நாட்காட்டி, சுவர்க் கடிகாரம், பித்தளைத் தராசு, கணக்குப் புத்தகம், மூலையில் ஒரு சிலேட். இவ்வளவுதான். எந்தப் பொருளும் சும்மா வைக்கப்படவில்லை. மலிவான அறைகளில் பாதி நேரத்தைத் தின்னும் பொய்த் துப்புகள் இங்கே இல்லை.

கணக்குப் புத்தகத்தில் பெயருக்கு முன்னால் எ., உ., அ. என்று தலைப்பெழுத்துப் போல ஏதோ எழுதியிருக்கும். அவை தலைப்பெழுத்தல்ல, தமிழ் எண்கள். ௧ பார்வைக்குக் க, ௨ உ, ௭ எ, ௮ அ. கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சிலேட்டில் ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எழுதியிருப்பதால் முன்பே தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. சறுக்கும் இடம் வேறு. பழைய முறையில் இருபத்தெட்டை ௨௰௮ என்று எழுதுவார்கள்: இரண்டு, பத்து, எட்டு. நடுவிலுள்ள ௰ ஓர் இலக்கமல்ல, ‘பத்து’ என்ற சொல். நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. இது தெரியாமல் ஒவ்வொரு குறியையும் ஒரு இலக்கமாக எடுத்தால் ஐந்து குறி கையில் இருக்கும், பூட்டிலோ மூன்று வளையம்தான் இருக்கும். அந்த இடத்தில் குழு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிக்கும். நூறுக்கான குறி சிலேட்டில் இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தை யாரும் புரட்டமாட்டார்கள் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். நல்ல குறும்பு.

நாட்காட்டிப் புதிரில் ராகு காலம் வருகிறது. செவ்வாய் 3.00 முதல் 4.30, வெள்ளி 10.30 முதல் 12.00 என்று வீட்டில் பெரியவர்கள் உள்ளவர்களுக்கு மனப்பாடம். தெரியாதவர்கள் பதறவேண்டாம், நாட்காட்டித் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. வெளியறிவு இல்லாமல் தீர்க்கக்கூடியதாகப் புதிர் இருக்கவேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை நியாயம், அதை இங்கே மீறவில்லை. கடைக்காரர் கிழிக்காமல் விட்ட தாளைப் பார்த்துக் கடிகார முள்ளைத் திருப்பவேண்டும். முள்ளில் ஒட்டிய சின்னக் காந்தம் சுவருக்குப் பின்னாலுள்ள சுவிட்சுக்கு நேரே வந்தால் ஒரு லாச்சி கிளிக் என்று திறக்கும். பலர் தவறுவது மணி முள்ளில். நாலரை என்றால் மணி முள் நான்குக்கும் ஐந்துக்கும் சரி நடுவில் நிற்கவேண்டும். இந்தக் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் தனித்தனியாகச் சுழல்வதால், பெரிய முள்ளை ஆறில் வைத்துச் சின்ன முள்ளை நான்கிலேயே விட்டுவிட்டு, விடை பிழை என்று முடிவுகட்டி வேறு துப்புத் தேடப் போவார்கள். விடை சரி, முள்தான் அரை அங்குலம் தள்ளி நிற்கிறது. வைத்தபின் மூன்று விநாடி கையை எடுத்துக் காத்திருங்கள்.

தராசுப் புதிர்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. மூன்று வளையல், மூன்று அடகுச் சீட்டு. சீட்டில் நிறை பவுணில் இருக்கும், நிறுக்கும் கல்லுகளோ கிராமில். ஒரு பவுண் 8 கிராம் என்பதை நகைக்கடை வாசல் மிதித்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. மிதிக்காதவர்களுக்குக் கவுண்டருக்கு மேலே தொங்கும் விலைப்பலகையில் இருக்கிறது. பெட்டியில் ஆறு கல்லு: 20, 10, 5, 2, 2, 1. ஒன்றரைப் பவுண் என்றால் 12 கிராம், பத்தும் இரண்டும். இரண்டு பவுண் 16, பத்தும் ஐந்தும் ஒன்றும். மூன்று பவுண் 24, இருபதும் இரண்டு இரண்டும். மூன்று வளையலில் ஒன்று சீட்டில் உள்ள நிறைக்கு வராது. அது எவ்வளவு குறைகிறது என்பதே துப்பு.

இதைச் செய்யும் முறை முக்கியம். முதலில் தட்டு இரண்டும் வெறுமையாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் வளையலை இரண்டு தட்டிலும் மாறி மாறி வைத்து நிறுத்துப் பாருங்கள். இரண்டு விடையின் நடுதான் சரியான நிறை. அடுத்தது ஃபேன். கூரை ஃபேன் ஓடும்போது தட்டு ஒருநாளும் நிலைக்காது, ஒன்று இரண்டு கிராம் வித்தியாசம் கண்ணுக்கே படாது. சுவிட்சை நிறுத்தினால் சூடு, நிறுத்தாவிட்டால் பிழை. ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கல்லு வைக்க, மற்றவர் முள்ளின் உயரத்துக்குக் குனிந்து நேரே பார்க்கட்டும். மேலிருந்து பார்த்தால் முள் சரிந்துதான் தெரியும். ஆட்டம் தொடங்கமுன் கல்லு ஆறும் பெட்டியில் இருக்கிறதா என்று நடத்துபவரை எண்ணச் சொல்லுங்கள். ஒரு கிராம் கல்லு தேங்காய்ச் சில் அளவுகூட இல்லை, முந்திய குழுவின் காற்சட்டைப் பையில் போயிருந்தால் உங்கள் ஆட்டமும் அதோடு போய்விடும்.

பூட்டுகளைப் பற்றிக் கொஞ்சம். மூன்று வளையப் பூட்டில் 1,000 சேர்க்கை, நான்கு வளையத்தில் 10,000. ஒன்றுக்கு இரண்டு மூன்று விநாடி வைத்தாலும் மூன்று வளையப் பூட்டை முழுக்கத் தட்டிப் பார்க்க அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஆனால் இரண்டு இலக்கம் உறுதி, ஒன்றுதான் தெரியவில்லை என்றால் பத்தே தடவை, அரை நிமிட வேலை. அந்த நேரத்தில் கடைசித் துப்பைத் தேடிக்கொண்டிருப்பது வீண். இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு வளையத்தை மட்டும் உருட்டுங்கள். விலைப்பலகைக்குப் பின்னால் ஒரு திசைப் பூட்டு இருக்கிறது: மேல், கீழ், இடம், வலம் என்று குமிழைத் தள்ளும் வகை. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் மேல் வளையத்தை இரண்டு தரம் அழுத்தி விடவேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் முதலில் தள்ளியதும் சேர்ந்தே கணக்கில் நிற்கும். சரியான விடையைப் போட்டாலும் திறக்காது. இதை ஆட்டத்துக்கு முன் சொல்லித் தருகிறார்கள், ஆனால் அந்த நேரத்தில் யார் காது கொடுக்கிறார்கள்? திறந்த பூட்டில் திறப்பை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு திறப்பு ஒரு பூட்டுக்குத்தான்.

இனி அந்த நடை. மூன்று மீற்றர் நீளம், குறுக்கே ஏழு லேசர் கோடு. நான்கு விளக்கிலிருந்து புறப்பட்டுக் கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால் ஏழாகின்றன. கோட்டை உடல் மறைத்தால் எதிர்ச் சுவரிலுள்ள ஒளி உணரி இருண்டு, சைரன் அடித்து, உங்கள் நேரத்தில் ஒரு நிமிடம் வெட்டப்படும். படத்தில் பார்க்க அழகு. நடைமுறையில் இந்த வீட்டின் பலவீனம் முழுக்க இங்கேதான் கூடியிருக்கிறது.

காரணத்தைச் சொன்னால் விளங்கும். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால், அதில் பட்டுத் தெறிக்கும் கதிர் இரண்டு பாகை திரும்பும். மூன்று மீற்றருக்கு அப்பால் அது பத்து சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட விலகல். உணரியின் முகமோ ஒரு சட்டைப் பொத்தான் அளவு. பழைய வீட்டுப் பலகைச் சுவரில் ஆணியடித்த கண்ணாடி ஒரு பாகை திரும்ப எவ்வளவு நேரம்? கதவைச் சாத்தினாலே போதும். கடற்கரை நூறடி தூரம் என்பதால் உணரியின் செப்புக் காலில் பச்சைக் களிம்பு பிடித்து, யாரும் தொடாமலே சைரன் விட்டு விட்டு அடிப்பதும் உண்டு. நீங்கள் அசையாமல் நிற்கும்போது சைரன் அடித்தால் அது உங்கள் பிழையல்ல. உடனே கையை உயர்த்துங்கள். கமராவில் பார்த்துக்கொண்டிருப்பவர் வெட்டிய நிமிடத்தைத் திருப்பிக் கொடுப்பார். கேட்காவிட்டால் கொடுக்கமாட்டார்கள்.

அடுத்தது புகை. காற்றில் ஏதாவது மிதந்தால்தான் லேசர் கோடு கண்ணுக்குத் தெரியும். அதற்காகக் கிளைக்கோல் கலந்த நீரைச் சூடாக்கி மெல்லிய புகைமூட்டம் விடுகிறார்கள். ஃபேனோ ஏசியோ போட்டால் புகை கலைந்துவிடும், அதனால் நடைக்குள் இரண்டும் இல்லை. மட்டக்களப்பு மேமாத வெயிலில் ஓட்டுக்குக் கீழே, காற்றில்லாத மூன்று மீற்றர் நடையில், குனிந்தபடி! காலை ஒன்பது மணி ஆட்டத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்வதற்கு முதற் காரணம் இது. ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் புகையில்லாமல் நடத்துவார்கள். அப்போது கோடு தெரியாது, சுவரில் விழும் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கடக்கவேண்டும். உண்மையில் அதுவே கூடுதல் சுவாரசியம்.

சேலை, அபாயா, நீளப் பாவாடை அணிந்து வருபவர்கள் இரண்டு மூன்று ஊசி கொண்டுவாருங்கள். உடல் கோட்டைத் தாண்டிவிடும், முந்தானை தாண்டாது. முழங்கால் நோவு உள்ளவர்களுக்காகக் கீழ்க் கோடு மூன்றையும் அணைக்கச் சொல்லலாம், மறுப்பதில்லை. லேசர் 5 மில்லிவாற்றுக்கு உட்பட்ட சிவப்பு வகை என்று பெட்டியில் ஒட்டியிருக்கிறது. தோலுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் கண்ணால் நேரே பார்க்கக்கூடாது. அடியிலிருந்து மூன்றாவது கோடு ஏழெட்டு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் போகிறது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை நடைக்குள் அனுப்பாதீர்கள். வாசலில் இதைப்பற்றி ஓர் அறிவிப்பும் இல்லை என்பது சரியல்ல.

ஒருவர் கடந்து போய் மறுபக்கச் சுவிட்சை அழுத்தினால் கோடுகள் அணையும், ஆனால் நடுக்கதவு உடனே திறக்காது. இங்கேதான் வோக்கிடோக்கி வருகிறது. போனவரின் கண்முன்னே ஆறு நிற வயர் உள்ள பலகை. எந்த வயரை எந்தத் துளையில் செருகுவது என்ற வரைபடம் முன்கடையில் இருப்பவர்களின் கையில். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துவிட்டுப் பேசுங்கள். அழுத்தியவுடன் பேசினால் முதற்சொல் வெட்டுப்பட்டுவிடும், ‘சிவப்பை மூன்றில்’ என்றது ‘மூன்றில்’ என்று மட்டும் போய்ச்சேரும். கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். நிறத்தைச் சொல்வதிலும் கவனம் தேவை: செம்மஞ்சளும் மஞ்சளும் அந்த மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுதான். நிறத்தோடு வயரின் கட்டை, நெட்டையையும் சேர்த்துச் சொன்னால் பிழை வராது.

பின்னறையில் முதலில் கண்ணில் படுவது சுவரில் சாய்த்துவைத்த தோணித் துடுப்பு. அடகுக்கடையில் துடுப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மீனவர் ஒருவர் அடகுவைத்தது என்று சீட்டுக் கட்டியிருக்கிறார்கள். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவியில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் பாடும் மீனின் ஒலி கேட்கும் என்பது இந்த ஊர்க் கதைகளில் முதலாவது. அதை அப்படியே புதிராக்கியிருக்கிறார்கள். துடுப்பின் அடியில் அதிர்வுக் கருவியொன்று ஒட்டியிருக்கிறது. அறைக்குள் எவ்வளவு உற்றுக் கேட்டாலும் சத்தம் வராது. மரத்தில் காதை அழுத்தினால்தான் ‘கூம்ம், கூம்ம்’ என்று தாழ்ந்த குரலில், இடைவெளி விட்டுக் கேட்கும். எத்தனை தரம், எவ்வளவு நீளம் என்று ஒருவர் விரலால் தட்டிக் காட்ட, இன்னொருவர் எழுதிக்கொள்ளவேண்டும். நாற்பது விநாடிக்கொரு தரம் சுற்று திரும்பத் தொடங்குகிறது. தொடக்கத்தில் ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனத்திலிருந்து எண்ணத் தொடங்காவிட்டால் எல்லாம் இடம் மாறிவிடும். காதின் துவாரத்தை அல்ல, காதுக்குப் பின்னாலுள்ள எலும்பை மரத்தில் அழுத்துங்கள், இன்னும் தெளிவாக வரும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இதற்காக மட்டுமே இந்த அறையைப் பரிந்துரைக்கலாம். வேறெங்கும் இந்தப் புதிரை வைக்க முடியாது, வைத்தாலும் பொருந்தாது.

இனி இரும்புப்பெட்டி. போலியல்ல, வட்டமாகச் சுழற்றும் எண்பூட்டுள்ள நிஜப் பெட்டி. மூன்று எண் துடுப்பிலிருந்தும் தராசிலிருந்தும் கணக்குப் புத்தகத்திலிருந்தும் வரும். எண் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் இங்கே பத்து நிமிடம் தொலைக்கிறார்கள். சுழற்றும் முறை இது. முதல் எண்ணுக்கு இடப்பக்கமாகச் சுழற்றி, அந்த எண் மேலேயுள்ள கோட்டுக்கு நான்காவது தரம் வரும்போது நிறுத்தவேண்டும். இரண்டாம் எண்ணுக்கு வலப்பக்கமாக, மூன்றாவது தரம். மூன்றாம் எண்ணுக்கு மறுபடி இடப்பக்கமாக, இரண்டாவது தரம். பிறகு வலப்பக்கமாக ஆறுதலாகத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் முட்டி நிற்கும். அப்போது கைப்பிடியை இறக்குங்கள்.

ஏன் நான்கு, மூன்று, இரண்டு? உள்ளே மூன்று சில்லு ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. வெளிவட்டம் முதலில் பக்கத்துச் சில்லை மட்டும்தான் பிடித்துச் சுழற்றும். அது அடுத்ததைப் பிடிக்க ஒரு சுற்று, அது கடைசிச் சில்லைப் பிடிக்க இன்னொரு சுற்று வேண்டும். மூன்றும் சேர்ந்து சுற்றத் தொடங்கியபின்தான் கடைசிச் சில்லை அதற்குரிய எண்ணில் நிறுத்த முடியும். திசை மாற்றும்போது கடைசிச் சில்லு அங்கேயே தங்கிவிட, மற்ற இரண்டும் நகரும். அடுத்த முறை ஒன்று மட்டும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு உண்டு. மூன்று வெட்டும் நேர்கோட்டில் வந்தால் அதற்குள் ஒரு கம்பி விழுந்து தாழ் விலகும். இதனால்தான் எண்ணைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் இழுத்துச் சரிசெய்ய முடியாது. பின்னால் இழுத்தவுடன் மற்றச் சில்லுகள் இடம்பெயர்ந்துவிடும். தாண்டினால் முதலிலிருந்து தொடங்குங்கள், அதைவிடக் குறுக்குவழி இல்லை.

இன்னொரு பொறி: ‘நான்கு தரம்’ என்பது நான்கு முழுச் சுற்றல்ல, எண் கோட்டைத் தொடும் தடவை. தொடங்கும் இடத்தைப் பொறுத்து மூன்றே கால் சுற்றாகவும் இருக்கலாம். ஒருவர் சுழற்ற, ஒருவர் கண்ணை எடுக்காமல் கோட்டைப் பார்த்து ‘ஒன்று, இரண்டு’ என்று சத்தமாக எண்ண, மூன்றாமவர் எண்களை வாசித்துக் கொடுக்கட்டும். நான்காமவர் பேசாமல் இருக்கட்டும். இது பகிடியல்ல, நான்காமவர் ‘எத்தனையாவது?’ என்று கேட்கும் இடத்தில்தான் எண்ணிக்கை தவறும். உப்புக்காற்றால் வட்டம் கொஞ்சம் இறுக்கம், குறிப்பாக வலப்பக்கம் திருப்பும்போது. முட்டி நிற்பதையும் துருவால் இறுகுவதையும் கையால் பிரித்தறியப் பழகவேண்டும். முட்டினால் சுவரில் மோதியதுபோல் திடீரென்று நிற்கும். இறுக்கம் என்றால் இழுவை கூடிக் குறையும். ஒருமுறையில் திறக்காவிட்டால் எண் பிழை என்று முடிவெடுக்காமல் அதே எண்ணை இன்னொரு தரம் போடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்காமல் எந்த எஸ்கேப் ரூமுக்குள்ளும் போகாதீர்கள். 2019 ஜனவரி 4ஆம் திகதி போலந்தின் கொஷாலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாடப் போன 15 வயதுச் சிறுமிகள் ஐவர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். அதன்பிறகு அந்நாட்டில் இத்தகைய அறைகளைச் சோதித்துப் பலவற்றை மூடினார்கள். கல்லடி அறையில் வாசற்கதவு சாத்தியிருக்கும், பூட்டியிருக்காது. எந்த நேரமும் தள்ளிக்கொண்டு வெளியே வரலாம். நடுக்கதவுகள் இரண்டும் 12 வோல்ற் மின்காந்தப் பூட்டில் நிற்பவை. கரண்ட் இருக்கும்வரைதான் காந்தம் பிடிக்கும். காந்தத்துக்கு வரும் கரண்ட் நின்றால் தானாகத் திறந்துவிடும். கதவோரம் பச்சைப் பொத்தானும் இருக்கிறது, அழுத்தினால் அந்தக் கதவின் கரண்ட் துண்டிக்கப்படும். தீயணைப்புக் கருவி முன்கடையில் ஒன்று மட்டும். பின்னறையிலும் ஒன்று இருக்கவேண்டும், பின்னறை யன்னலின் கம்பியும் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக மாற்றப்படவேண்டும். புள்ளி குறைப்பது இதற்காகத்தான்.

கரண்ட் போனால் கதவு திறப்பது உயிருக்கு நல்லது, ஆட்டத்துக்குக் கேடு. மாரி காலத்தில், கார்த்திகை மார்கழியில் இடி மழை என்றால் கரண்ட் போவதும் வருவதும் இங்கே புதிதல்ல. சின்ன யூபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறார்கள், கதவையும் மணிக்கூட்டையும் ஒரு கால் மணித்தியாலம் தாங்கும்; லேசரும் புகையும் அதில் இல்லை. அதனால் பதிவு செய்யும்போதே, நடுவில் கரண்ட் போனால் வேறு நேரம் தருவீர்களா, காசு திருப்பித் தருவீர்களா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கட்டணம் ஆளுக்கல்ல, குழுவுக்கு: ஆறு பேர் வரை 8,000 ரூபா. நான்கு பேர் என்றால் தலைக்கு 2,000. ஆறு பேர் போனால் 1,333 என்று மலிவாகத் தெரிந்தாலும், கைவைக்க ஒரே நேரத்தில் மூன்று வேலைக்கு மேல் இல்லை. ஆறு பேராக வந்தவர்கள் மும்மூன்று பேராகப் பிரிந்து, அடுத்தடுத்த நேரத்தில் ஆடி நிமிடத்தை ஒப்பிட்டால் அதில்தான் பந்தயம் இருக்கிறது. என்ன, முதலில் முடித்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். இரண்டே பேர் ஆடலாம், ஆனால் இரும்புப்பெட்டியில் கஷ்டப்படுவீர்கள். மூன்று ஹின்ட் இலவசம், பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் வெட்டு. ஐந்து நிமிடம் ஒன்றும் நகராமல் நின்றால் கேட்டுவிடுவது லாபம். இரண்டு நிமிடத்தைக் கொடுத்து ஐந்தை மிச்சம்பிடிக்கிறீர்கள்.

துப்புச் சீட்டுகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உண்டு. கணக்குப் புத்தகப் புதிர் மட்டும் மற்ற இரண்டிலும் நொண்டுகிறது. எழுத்தென்று நினைத்தது எண்ணாக மாறும் ரசம் தமிழ் வாசிக்காதவருக்குக் கிடைக்காது, வெறும் குறி பார்த்துப் பொருத்தும் வேலையாகிவிடும். தமிழ் தெரிந்தவர் ஒருவராவது குழுவில் இருக்கட்டும்.

பாசிக்குடாவில் தங்கியிருப்பவர்களுக்கு இங்கே சுமார் 35 கிலோமீற்றர், காலையில் வந்து மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அறுகம்பை, பொத்துவில் பக்கமிருந்து வருபவர்கள் இதற்கென்று தனியாக வராமல் மட்டக்களப்பில் ஓர் இரவு தங்கும் நாளில் வையுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தவிர்த்துவிடுங்கள். ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடிப் பக்கத்துக் கடைகள் பூட்டியிருக்கும், ஆட்டம் முடிந்து பசியோடு அந்தப் பக்கம் போனால் ஏமாற்றம்தான். பயணப்பைகளை வைக்க விறாந்தையில் ஓர் அலுமாரி தருகிறார்கள், அதன் திறப்பு உங்கள் கையில். போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கண்ணாடி போடுகிறவர்கள் வாசிக்கும் கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள், அடகுச் சீட்டின் எழுத்து எறும்பு அளவு.

கடைசியாக, ஆட்டத்துக்கு முந்திய விளக்கத்தில் அரை வசனமாகச் சொல்லிக் கடந்துவிடும் ஒரு விதி. பெட்டி திறந்ததும் மணிக்கூடு நிற்காது. அட்டியலை எடுத்துக்கொண்டு நடையைக் கடந்து முன்கடைக்கு வந்து, கவுண்டரிலுள்ள வெல்வெட் தட்டில் வைத்தால்தான் நிற்கும். பெட்டிக்கு முன்னால் நின்று கைதட்டிக்கொண்டிருக்கும்போது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். தட்டுக்கு அடியிலும் காந்தச் சுவிட்ச்தான். அட்டியலின் பதக்கத்துக்குப் பின்புறம் காந்தம் ஒட்டியிருக்கிறது, ஆகவே பதக்கத்தின் முகம் மேலே பார்க்க, நடுவிலுள்ள வட்டத்தில் வையுங்கள். அவசரத்தில் கவிழ்த்து வைத்தால் மணிக்கூடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.